வேலியும் கதவும்: வீட்டுக் கணினிக்கு எத்தனை தீச்சுவர்?

தீச்சுவர் என்னும் சொல் கணினியோடு பிறந்ததன்று. நெருக்கமாய் அமைந்த வீடுகளுள் ஒன்றிற் பற்றிய தீ மற்றொன்றுக்குத் தாவாதிருக்க இடையே எழுப்பப்படும் கனத்த சுவருக்கே அப்பெயர் முதலில் வழங்கிற்று. 1666ஆம் ஆண்டு இலண்டன் நகரின் பெரும்பகுதி எரிந்தழிந்த பின்னர், புதிய வீடுகளைச் செங்கல்லாலும் கல்லாலுமே கட்டவேண்டுமென அங்கே சட்டம் செய்தனர். நாம் வாழும் ஜேர்மனியிலும் அடுத்தடுத்த வீடுகளுக்கிடையே அத்தகைய சுவர் உண்டு. டொச்சு மொழியில் அதனைப் 'பிரான்ட்மவர்' என்பதை எமது மாணவர்கள் அறிவர். இணையத்தின் வழியே வரும் கேடு கணினிக்குள் புகாதவாறு தடுக்கும் ஏற்பாட்டுக்கும் பின்னாளில் இதே பெயர் அமைந்தது.

கணினித் தீச்சுவர் இரு வகைப்படும். தனியொரு பெட்டியில் இருந்து வீட்டிலுள்ள கருவிகள் அனைத்தையும் காப்பது வன்பொருள் தீச்சுவர். கணினிக்குள்ளேயே இயங்கி அந்த ஒன்றை மட்டும் காப்பது மென்பொருள் தீச்சுவர். இவற்றுள் எது வேண்டும், எதைக் காசு கொடுத்து வாங்கவேண்டும் என்பது பெற்றோர் எம்மிடம் பலமுறை கேட்கும் வினா. விடையை முதலிலேயே கூறிவிடுகின்றோம். இரண்டும் வேண்டும், ஆயினும் பெரும்பாலான வீடுகளில் இரண்டும் ஏற்கெனவே இருக்கின்றன. வாங்குவதைப் பற்றியல்ல, இருப்பது விழித்திருக்கின்றதா என்பதைப் பற்றியே நாம் கவலைகொள்ள வேண்டும்.

ஊரிலே வளவைச் சுற்றிக் கிளுவங் கதியால் நட்டுப் பனையோலையால் வேலி அடைப்பர். வேலிக்கு ஒரு படலை. உள்ளே வீட்டுக்குத் தனிக் கதவு. வேலி இருக்கின்றதே என்று வீட்டுக் கதவை இரவில் எவரும் திறந்து போடுவதில்லை. விறாந்தையிற் பாய் விரித்து உறங்கியோரும் கதவைச் சாத்தியே வைத்தனர். இங்கு பிறந்த பிள்ளைகள் அவ்வேலியைக் கண்டதில்லை. எனினும் எமது பாடத்துக்கு அதனினும் பொருத்தமான உவமை கிடைக்கவில்லை.

இணையக் கம்பி வந்து சேரும் 'ரவுட்டர்' என்னும் பெட்டியே எமது வேலி. அது காக்கும் விதம் சுவையானது. இணையத்திற் சேரும் ஒவ்வொரு கருவிக்கும் எண்ணாலான முகவரி வேண்டும். பழைய முறையில் ஏறத்தாழ 430 கோடி முகவரிகளே உண்டு. அவை போதாமற் போகும் எனக் கண்ட அறிஞர்கள் 1994இல் ஒரு வழியை முன்வைத்தனர். வீட்டுக்கு வெளியே ஒரே முகவரி, உள்ளே, 192.168 எனத் தொடங்குவன போன்ற, வெளியார் அணுகமுடியாத முகவரிகள். உள்ளிருந்து ஒரு கணினி வெளியே செய்தி அனுப்பும்போது பெட்டி அதனைக் குறித்துக்கொள்கின்றது. மறுமொழி வந்ததும் உரிய கணினியிடம் சேர்க்கின்றது. எவரும் கேளாமல் வெளியிலிருந்து வரும் செய்தியை யாரிடம் கொடுப்பதென அதற்குத் தெரியாது, ஆகவே கைவிடுகின்றது. முகவரிப் பஞ்சத்துக்குச் செய்த ஏற்பாடு இவ்வாறு வேலியும் ஆயிற்று. இப்போது பரவிவரும் புதிய முகவரி முறையில் அப்பஞ்சம் இல்லை. ஒவ்வொரு கருவிக்கும் சொந்த முகவரி உண்டு. அங்கே பெட்டிக்குள் எழுதி வைத்துள்ள தீச்சுவர் விதிகளே காவல். ஆதலால் அவற்றை எக்காரணம் கொண்டும் அணைத்தல் கூடாது.

வேலியில்லாக் காலத்தில் என்ன நிகழ்ந்தது என்பதற்கு 2003ஆம் ஆண்டு சான்று. அக்காலத்திற் பலர் ரவுட்டர் இன்றிக் கணினியை நேரே இணையத்தோடு பொருத்தியிருந்தனர். அவ்வாண்டு ஆகஸ்ட் மாதத்தில் 'பிளாஸ்டர்' என்னும் கணினிப் புழு பரவிற்று. எவரும் எதையும் திறக்கவில்லை, எதையும் அழுத்தவில்லை. காப்பற்ற விண்டோஸ் கணினி இணையத்தில் இருந்தாற் போதும், புழு தானே உட்புகுந்தது. அணையப் போவதாக அறிவித்துவிட்டு ஒரு நிமிடத்தில் அணைந்து, மீண்டும் இயங்கி, மீண்டும் அணைந்த கணினிகளைப் பெற்றோருட் சிலர் நினைவுகூர்வர். அடுத்த ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் 'சாசர்' என்னும் புழு வந்தது. அதனை எழுதியவன் வட ஜேர்மனியில் வாழ்ந்த 17 வயது மாணவன். 2005இல் வேர்டன் நகர நீதிமன்றம் அவனுக்கு ஒரு வருடமும் ஒன்பது மாதமும் ஒத்திவைத்த சிறைத்தண்டனை விதித்தது. மாணவர்கள் இதனை மனத்திற் கொள்க.

இவ்வரலாற்றில் வியப்பான செய்தி ஒன்றுண்டு. 2001இல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பியில் மென்பொருள் தீச்சுவர் இருந்தது. ஆனால் அணைத்தபடியே விற்கப்பட்டது. கதவு இருந்தும் தாழ் போடவில்லை. 2004 ஆகஸ்டில் வெளியான மேம்பாட்டின் பின்னரே அது தானாக இயங்கத் தொடங்கிற்று. இன்றைய விண்டோஸில் அவ்வாறே இயங்குகின்றது. அப்பிள் கணினியிலோ அது அணைந்திருக்கக்கூடும், பார்த்து இயக்கிக்கொள்க.

பெட்டி இருக்கையிற் கதவு எதற்கு என்று சிலர் வினவுவர். வேலிக்கு உள்ளிருப்பவரை வேலி தடுப்பதில்லை. விருந்தினரின் மடிக்கணினியோ பிள்ளையின் தோழன் கொண்டுவந்த கைத்தொலைபேசியோ நோயுற்றிருப்பின், அது வீட்டுக்குள்ளேயே அடுத்த கருவியைத் தொற்றப் பார்க்கும். 2017 மே 12ஆம் நாள் பரவிய 'வனாக்ரை' இப்படித்தான் ஒரே வலையமைப்பிலுள்ள கணினிகளுட் பாய்ந்தது. ஜேர்மன் தொடருந்து நிலையங்களின் அறிவிப்புப் பலகைகளிற்கூட அதன் மிரட்டற் செய்தி தோன்றிற்று. மேலும், மடிக்கணினி வெளியே செல்லும்போது வேலி கூடவே வருவதில்லை. நூலகத்திலும் தொடருந்திலும் அகதிகள் விடுதியிலும் உள்ள பொது வைபையில் கதவு ஒன்றே துணை. அவ்விடங்களில் விண்டோஸ் கேட்குமாயின் 'பொது வலையமைப்பு' என்பதையே தெரிவுசெய்க.

அப்படியாயின் கதவு மட்டும் போதாதோ? போதாது. தொலைக்காட்சிக்கும் அச்சுப்பொறிக்கும் கண்காணிப்புக் கமெராவுக்கும் மென்பொருள் தீச்சுவர் நிறுவ இயலாது. அவற்றுக்கு வேலியே கதி. ஆனால் வேலியையும் பேணவேண்டும். 2016இல் 'மிராய்' என்னும் தீநிரல் தொழிற்சாலையில் இட்ட கடவுச்சொல் மாற்றப்படாத கமெராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்துப் படையாக்கிக்கொண்டது. வேலியே பயிரை மேய்ந்த கதை அது. அதன் வழிவந்த ஒரு நிரலின் தாக்குதலால் அதே ஆண்டு நவம்பர் மாத இறுதியில் டொய்ச்ச டெலிகொம் வாடிக்கையாளர் ஏறத்தாழ 900,000 பேரின் இணைப்புகள் முடங்கின.

கடைகளில் விற்கும் தீச்சுவர் மென்பொருளை வீட்டுப் பாவனைக்கு வாங்கத் தேவையில்லை என்பதே எமது கருத்து. இரண்டு மென்பொருள் தீச்சுவர்களை ஒரே கணினியில் இயக்கினால் ஒன்றோடொன்று மோதித் தொல்லையே மிஞ்சும். விலையுயர்ந்த வன்பொருட் பெட்டிகள் அலுவலகங்களுக்கானவை.

இனி, இவ்விரண்டும் தடுக்காத ஒன்றைக் கூறவேண்டும். நாமே அழைத்து வருபவரை எந்தச் சுவரும் மறிப்பதில்லை. மைக்ரோசொப்ட் நிறுவனத்திலிருந்து பேசுவதாகத் தொலைபேசியில் ஒருவன் சொல்கின்றான். அவன் சொற்படி ஒரு நிரலை நிறுவுகின்றோம். அந்நிரல் உள்ளிருந்து வெளியே இணைப்பை ஏற்படுத்துவதால், பெட்டி அதனை நமது விருப்பமென்றே கொள்கின்றது. வேலியில் போன ஓணானை மடியில் விட்டபின் வேலியை நோவதில் பயனில்லை. விளையாட்டு வேகமாய் ஓடும் என்று எவரோ சொல்லக் கேட்டுத் தீச்சுவரை அணைக்கும் மாணவர்களும் உளர். விளையாட்டு முடிந்தபின் மீள இயக்குவதை அவர்கள் மறந்துவிடுகின்றனர்.

எமது வீடுகளிற் கணினி வெறும் விளையாட்டுப் பொருளன்று. ஊரில் வீட்டோடு எரிந்துபோன படங்களுள், உறவினர் எவரோ வைத்திருந்து அனுப்பிய ஒன்றிரண்டின் பிரதி அதிலேதான் இருக்கின்றது. தஞ்சம் கோரிய வழக்கின் தாள்களும், பிறப்புச் சான்றிதழின் பிரதியும் அதிலேயே உள்ளன. வனாக்ரை போன்றவை கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்பவை. பணம் கொடுத்தாலும் திறப்புக் கிடைக்கும் என்ற உறுதி இல்லை. ஆகவே அவற்றின் இன்னொரு பிரதியைத் தனி வட்டில் எழுதி, அவ்வட்டைக் கணினியிலிருந்து கழற்றி அலுமாரியில் வையுங்கள். தீச்சுவர் தோற்றாலும் அப்படங்கள் பிழைக்கும்.

வரும் ஞாயிறன்று பெற்றோரும் பிள்ளைகளும் கூடியிருந்து ஒரு பயிற்சி செய்க. ரவுட்டரின் அடியில் ஒட்டியுள்ள தாளில் அதன் அமைப்புப் பக்கத்துக்குரிய முகவரியும் கடவுச்சொல்லும் இருக்கும். உட்புகுந்து அக்கடவுச்சொல்லை மாற்றுக. மென்பொருள் தானாகப் புதுப்பிக்கப்படுகின்றதா என நோக்குக. வெளியாருக்குத் திறந்துவிட்ட வாயில்கள் பட்டியலில் ஏதேனும் இருப்பின், எந்த விளையாட்டுக்காகத் திறந்தது என்று பிள்ளையிடம் கேட்டு, வேண்டாததை மூடுக. பின்னர் ஒவ்வொரு கணினியிலும் தீச்சுவர் இயங்குவதைப் பார்க்க. திரையில் தோன்றும் டொச்சுச் சொற்கள் தாய் தந்தையர்க்கு விளங்காவிடின் பிள்ளையே தமிழிற் பெயர்த்துச் சொல்லட்டும். அச்சொற்களை ஏட்டில் எழுதிவருக; அடுத்த சனிக்கிழமை வகுப்பிற் கேட்போம்.