நின்றுபோன விமானம் மீண்டும் பறக்குமா?

2023ஆம் ஆண்டு அக்டோபர் 12ஆம் நாள் அதிகாலையில் மைஏர்லைன் என்னும் மலேசிய மலிவுக் கட்டண விமான நிறுவனம் தன் சேவைகள் அனைத்தையும் நிறுத்துவதாக அறிவித்தது. பயணிகள் விமான நிலையத்திற்கு வர வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டது. 2022 டிசம்பர் முதல் நாளில் பறக்கத் தொடங்கிய அந்நிறுவனம் ஓராண்டைக்கூட நிறைவு செய்யவில்லை. முன்பதிவு செய்திருந்த ஏறத்தாழ 125,000 பயணிகள் பாதிக்கப்பட்டனர். ஊழியர்களின் வாழ்வாதாரமும் கேள்விக்குறியானது. அடுத்த மாதமே மலேசிய விமானப் போக்குவரத்து ஆணையம் அதன் உரிமத்தை இடைநிறுத்தியது.

இவ்வாறு வீழ்ந்த ஒரு நிறுவனத்தை மீட்டெடுக்க முடியுமா? இதற்கு விடை காண, மலிவுக் கட்டண விமானச் சேவை எவ்வாறு இயங்குகிறது என்பதை முதலில் அறிய வேண்டும்.

லூபோக் சீனாவிலிருந்து மஸ்ஜிட் தானாவுக்கு ஒருவர் பேருந்து விடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பேருந்து ஓடினாலும் நின்றாலும் மாதத் தவணையைக் கட்டியே ஆக வேண்டும். கட்டணம் குறைவு என்பதால், ஒரு நாளில் பல முறை, இருக்கைகள் நிறைய ஓடினால்தான் அவருக்கு ஆதாயம் கிடைக்கும். மலிவுக் கட்டண விமானத்திற்கும் இதே கணக்குத்தான். பெரும்பாலான விமானங்கள் வாடகைக்கு எடுக்கப்பட்டவை. வாடகையும் எரிபொருள் விலையும் அமெரிக்க டாலரில் கணக்கிடப்படுகின்றன. ஆகவே, ரிங்கிட்டின் மதிப்பு குறைந்தால் செலவு கூடும். தரையிறங்கிய விமானம் அரை மணி நேரத்திற்குள் மீண்டும் புறப்பட்டால்தான் குறைந்த கட்டணம் கட்டுப்படியாகும்.

வீழ்ச்சியிலிருந்து மீண்ட நிறுவனங்களும் உள்ளன. ஏர் ஏசியா 1996ஆம் ஆண்டு நவம்பரில் பறக்கத் தொடங்கியது. ஐந்து ஆண்டுகளில் அதன் கடன் ஏறத்தாழ 40 மில்லியன் ரிங்கிட்டை எட்டியது. 2001ஆம் ஆண்டில் டோனி பெர்னாண்டசும் அவருடைய கூட்டாளிகளும் அந்நிறுவனத்தை ஒரு ரிங்கிட்டுக்கு வாங்கி, கடன்சுமையையும் ஏற்றுக்கொண்டனர். அப்போது அதனிடம் இரண்டு விமானங்களே இருந்தன. அவர்கள் அதனை மலிவுக் கட்டண நிறுவனமாக மாற்றியமைத்தனர். அவ்வாண்டு செப்டம்பரில் நியூயார்க்கில் நிகழ்ந்த தாக்குதலுக்குப் பின் உலகெங்கும் விமானப் பயணம் சரிந்தது. அதனால் விமான வாடகையும் குறைந்தது. பிறருக்கு நெருக்கடியான அக்காலம் புதிய உரிமையாளர்களுக்கு வாய்ப்பாக அமைந்தது.

இந்தியாவின் ஸ்பைஸ்ஜெட் நிறுவனம் மற்றோர் எடுத்துக்காட்டாகும். சென்னையைச் சேர்ந்த கலாநிதி மாறனின் பொறுப்பில் அது இயங்கிவந்த காலத்தில், 2014 டிசம்பர் 17ஆம் நாள் எண்ணெய் நிறுவனங்கள் கடனுக்கு எரிபொருள் தர மறுத்தன. அதன் விமானங்கள் பல மணி நேரம் தரையிலேயே நின்றன. மறுமாதமே நிறுவனத்தைத் தொடங்கியவர்களுள் ஒருவரான அஜய் சிங் பொறுப்பை மீண்டும் ஏற்க முன்வந்தார். அவ்வேளையில் உலகச் சந்தையில் எண்ணெய் விலையும் பாதியாகச் சரிந்திருந்தது. சில மாதங்களிலேயே நிறுவனம் இலாபம் காட்டியது. எனினும், பின்னாளில் அது மீண்டும் நெருக்கடிக்குள்ளானது. ஒரு முறை மீள்வது நிரந்தரப் பாதுகாப்பு ஆகாது.

இவ்விரு நிறுவனங்களுக்கும் பொதுவான ஓர் உண்மை உண்டு. இரண்டும் கடனில் மூழ்கியிருந்தன. ஆனால், முற்றாக நின்றுவிடவில்லை. நின்றுவிட்டால் நிலைமை வேறு. மலிவுக் கட்டண நிறுவனமாக இல்லாவிடினும், ஜெட் ஏர்வேஸ் இதற்குத் தக்க சான்று. இந்தியாவின் முன்னணி நிறுவனமாக விளங்கிய அது 2019 ஏப்ரல் 17ஆம் நாள் சேவையை நிறுத்தியது. அதனை மீட்கும் திட்டத்திற்குத் தீர்ப்பாயம் 2021ஆம் ஆண்டில் ஒப்புதல் அளித்தது. ஆனால், பயணிகளை ஏற்றிக்கொண்டு ஒரு விமானம்கூடப் பறக்கவில்லை. இறுதியில், 2024 நவம்பர் 7ஆம் நாள் இந்திய உச்ச நீதிமன்றம் அந்நிறுவனத்தைக் கலைத்து, சொத்துகளை விற்க உத்தரவிட்டது.

நின்றுபோன நிறுவனத்தை மீட்பது ஏன் இவ்வளவு கடினம்? வாடகை கிடைக்காவிட்டால் உரிமையாளர்கள் விமானங்களைத் திரும்பப் பெற்றுக்கொள்வர். விமான நிலையங்களில் ஒதுக்கப்பட்ட நேரங்கள் பிற நிறுவனங்களுக்குச் சென்றுவிடும். விமானிகள் 90 நாள்களுக்குள் மூன்று முறையாவது விமானத்தை ஏற்றி இறக்கியிருந்தால்தான் பயணிகளை ஏற்றிச் செல்ல இயலும். திறமையான ஊழியர்களோ வேறு வேலை தேடிச் சென்றுவிடுவர். இவற்றையெல்லாம் பணம் கொடுத்து மீட்டுக்கொள்ளலாம். மக்களின் நம்பிக்கையை அவ்வாறு வாங்க இயலாது. ஒரு முறை பணத்தை இழந்த பயணி, கட்டணம் எவ்வளவு மலிவாக இருந்தாலும் அதே பெயரில் மீண்டும் முன்பதிவு செய்யத் தயங்குவார்.

ஆகவே, நலிந்த நிறுவனத்தை மீட்க முடியும். ஆனால், அதற்குரிய காலம் மிகக் குறுகியது. புதிய முதலீட்டாளர் வந்தால் மட்டும் போதாது. பழைய பயணிகளின் பணத்தையும் ஊழியர்களின் ஊதியத்தையும் முதலில் தீர்க்க வேண்டும். ‘வெள்ளம் வருமுன் அணை போடு’ என்பது பழமொழி. நிறுவனங்களின் நிதிநிலையை ஆணையங்கள் தொடர்ந்து கண்காணித்தால், வெறுங்கையோடு விமான நிலையத்திலிருந்து வீடு திரும்பும் நிலை பயணிகளுக்கு ஏற்படாது.