தோலும் ஊசியும் - ஒரு பேனா உறை செய்வோம்

உரித்த ஆட்டுத்தோலை அப்படியே முற்றத்தில் போட்டு வைத்தால் என்ன ஆகும்? இரண்டே நாளில் நாறும், பிறகு அழுகும். வெயிலில் காயவைத்தால் அழுகாது. ஆனால் பலகை போல விறைத்துவிடும். மழையில் நனைந்தால் மறுபடியும் அழுகத் தொடங்கும். ஆனால் உங்கள் காலில் இருக்கும் தோல் செருப்பு எத்தனையோ மழையில் நனைந்தும் அழுகவில்லையே! இரண்டும் தோல்தானே? இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது?

விடையைத் தெரிந்துகொண்டு, கையோடு ஒரு பேனா உறையும் தைத்துவிடுவோம்.

தோலுக்குள் என்ன இருக்கிறது?

தோலின் பெரும்பகுதி கொல்லாஜன் என்னும் புரதம். மூன்று இழைகளைச் சேர்த்து முறுக்கிய கயிறு போன்றது அதன் மூலக்கூறு. இந்த மூவிழை அமைப்பை 1954 இல் எடுத்துச் சொன்னவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி. என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் ஆவர். இத்தகைய நுண்கயிறுகள் திரண்டு நார்களாகி, நார்கள் தாறுமாறாகப் பின்னிக் கிடப்பதே தோல். அதனால்தான் துணியைப் போல ஒரே நேர்கோட்டில் அது கிழிவதில்லை.

பச்சைத் தோலில் இந்த நார்களுக்கிடையே நீர் நிறைந்திருக்கும். நுண்ணுயிர்களுக்கு அது விருந்து. தோல் பதனிடுபவர் செய்வது என்ன? முதலில் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து மயிரை நீக்குகிறார். பிறகு ஆவாரம் பட்டை, கடுக்காய் போன்றவற்றின் சாற்றில் ஊறவைக்கிறார். இவற்றில் உள்ள துவர்ப்புப் பொருளுக்கு டானின் என்று பெயர். அது நார்களுக்கிடையே புகுந்து அவற்றை ஒன்றோடொன்று பிணைக்கிறது. பிணைப்பு ஏற்பட்டபின் நுண்ணுயிர்களால் அந்தப் புரதத்தை எளிதில் சிதைக்க முடியாது.

இன்னொரு முறை குரோமியம் உப்பைக் கொண்டு பதனிடுவது. பட்டை முறைக்குப் பல வாரங்கள் ஆகும். குரோமிய முறையோ விரைவில் முடியும். ஆனால் கழிவு நீரைச் சரியாகச் சுத்திகரிக்காவிட்டால் ஆறும் கிணறும் கெடும். பாலாற்றங்கரை மக்கள் இதை நன்கு அறிவார்கள். இது தொடர்பான வழக்கில் 1996 இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே அதற்கு ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கையை வலியுறுத்தியது.

உங்கள் கையில் இருப்பது எந்தத் தோல்?

தோல் பொருள் செய்யும் கடைகளில் வெட்டியதுபோக மீந்த துண்டுகள் கிடைக்கும். நமக்கு வேண்டியது பட்டையில் பதனிட்ட, ஏறத்தாழ 2 மி.மீ. கனமுள்ள துண்டு. கண்டறிய மூன்று சோதனைகள்:

1. துண்டின் பின்பக்கத்தைப் பாருங்கள். நார் நாராக இருந்தால் தோல். துணி தெரிந்தால் அது ரெக்சின்.

2. விரல் அகலத் துண்டு ஒன்றைக் கொதிக்கும் நீரில் ஒரு நிமிடம் இடுங்கள். (பெரியவர் ஒருவர் உடனிருக்கட்டும்.) பட்டைத்தோல் சுருங்கிச் சுருண்டு விறைக்கும். நன்கு குரோமியத்தில் பதனிட்ட தோல் பெரிதாக மாறாது. அதன் பிணைப்புகள் அவ்வளவு உறுதியானவை.

3. வினிகரில் ஓர் இரும்பு ஆணியை ஓர் இரவு போட்டு வையுங்கள். அதில் ஒரு துளியைத் தோலில் விடுங்கள். கறுத்தால் அது பட்டைத்தோல். டானினும் இரும்பும் சேர்ந்தால் கருநிறம் பிறக்கும். கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து அந்நாளில் எழுதும் மை காய்ச்சியதும் இதே வேதியியல்தான். ஆகவே ஈரத்தோலின்மேல் இரும்புக் கருவிகளை வைத்துவிட்டுப் போகாதீர்கள், கறை விழும்.

கருவிகள்

கூரிய கத்தி, எஃகு அடிகோல், கவராயம், குத்தூசி, மழுங்கிய முனையுள்ள ஊசிகள் இரண்டு, தடித்த நூல், தேன்மெழுகு, அடியில் வைக்க ஒரு மரப்பலகை. இவ்வளவே போதும். கத்தியை எப்போதும் உங்களுக்கு எதிர்ப்புறமாகவே இழுங்கள். மழுங்கிய கத்திதான் வழுக்கிக் கையை வெட்டும். ஆகவே அடிக்கடி தீட்டிக்கொள்ளுங்கள்.

அளவெடுப்பதில் ஒரு கண்ணி

நான் முதன்முதலில் செய்த உறைக்குள் பேனா நுழையவே இல்லை! பேனாவின் விட்டம் 12 மி.மீ. அதை 22/7 ஆல் பெருக்கி, சுற்றளவு ஏறத்தாழ 38 மி.மீ. என்று கணக்கிட்டேன். தையலுக்கு இருபுறமும் 4 மி.மீ. விட்டு, 46 மி.மீ. அகலத்தில் வெட்டினேன். கணக்கு சரிதானே? பின் ஏன் நுழையவில்லை?

பேருந்து நிலையத்துக்கு எதிரே செருப்புத் தைத்துக்கொண்டிருந்த பெரியவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் கணக்கு ஏதும் போடவில்லை. ஒரு தோல் துண்டைப் பேனாவைச் சுற்றி வளைத்தார். விளிம்புகள் சந்தித்த இடத்தில் கட்டைவிரல் நகத்தால் கீறினார். "தோலுக்கும் உடம்பு இருக்கு தம்பி, அதையும் சேர்த்து அளக்கணும்" என்றார்.

அதுதான் பிழை. வளையும்போது தோலின் உட்புறம் சுருங்கும், வெளிப்புறம் நீளும். நீளம் மாறாதிருப்பது நடுப்பகுதி மட்டுமே. ஆகவே விட்டத்தோடு தோலின் கனத்தையும் சேர்க்க வேண்டும்: (12 + 2) × 22/7 = 44 மி.மீ. தையலுக்கு 8, தளர்ச்சிக்கு 4. மொத்தம் 56 மி.மீ.

செய்முறை

1. 130 மி.மீ. நீளம், 56 மி.மீ. அகலத்தில் தோலை வெட்டுங்கள்.

2. ஈரத்துணியால் நனைத்து, வழவழப்பான பக்கம் வெளியே வருமாறு நீளவாட்டில் மடித்து, நிழலில் உலரவிடுங்கள்.

3. விளிம்பிலிருந்து 4 மி.மீ. உள்ளே கவராயத்தால் கோடு கீறுங்கள். அடிப்பக்கத்திலும் அப்படியே. கோட்டின்மீது 4 மி.மீ.க்கு ஒரு புள்ளி வைத்து, குத்தூசியால் இரு மடிப்புகளும் சேரத் துளையிடுங்கள்.

4. 75 செ.மீ. நூலை மெழுகில் இழுத்து, இரு முனைகளிலும் ஒவ்வோர் ஊசி கோத்துக்கொள்ளுங்கள். முதல் துளையில் நூலை நுழைத்து, இருபுறமும் சமநீளம் இருக்கச் செய்யுங்கள். அடுத்த துளையில் இடப்புற ஊசியை வலப்பக்கமும், அதே துளையில் வலப்புற ஊசியை இடப்பக்கமும் செலுத்தி இறுக்குங்கள். இப்படியே கடைசித் துளைவரை. முடிவில் இரண்டு துளைகள் திரும்பிவந்து நூலை வெட்டுங்கள்.

5. பேனாவைப் பிளாஸ்டிக் தாளில் சுற்றி, உறையை லேசாக நனைத்து உள்ளே செருகி, ஓர் இரவு விட்டுவிடுங்கள். பேனாவின் வடிவம் தோலில் படிந்துவிடும். அவசரப்பட்டு அடுப்பருகே வைக்காதீர்கள். சூடு ஏறினால் ஈரத்தோல் சுருங்கிவிடும் என்பதைச் சோதனையிலேயே பார்த்தோமே!

6. ஓரத்தைச் சிறிது ஈரமாக்கி, துணியால் வேகமாகத் தேயுங்கள். நார்கள் படிந்து பளபளக்கும். கடைசியாகச் சிறிது மெழுகு பூசுங்கள்.

இந்தத் தையலின் சிறப்பு என்ன? ஒவ்வொரு துளையிலும் நூல் இருமுறை செல்கிறது. ஓரிடத்தில் ஒரு புரி அறுந்தாலும் மற்றது பிடித்துக்கொள்ளும். தையல் இயந்திரத்திலோ மேல்நூலும் கீழ்நூலும் ஒன்றையொன்று கொக்கியிட்டு நிற்கின்றன. ஒன்று அறுந்தால் அருகிலுள்ள தையல்களும் நெகிழத் தொடங்கும்.

கடைசியாக ஒன்று

எனக்கு அளவு சொல்லிக்கொடுத்த அந்தப் பெரியவர் தைத்த செருப்புகள் எங்கள் தெருவில் எல்லா வீட்டு வாசலிலும் கிடந்தன. ஆனால் அவரை எந்த வீட்டுத் திண்ணையிலும் உட்காரச் சொன்னவர் இல்லை. தோலைத் தொட்டதால் அவர் தாழ்ந்தவராம். அதை மிதித்து நடந்தவர்கள் உயர்ந்தவர்களாம்! எந்த அறிவியலும் இதற்குச் சான்று தராது. தோலுக்குள் இருக்கும் அதே கொல்லாஜன்தான் நம் எல்லோருடைய உடம்பிலும் இருக்கிறது.

உறையைத் தைத்து முடித்ததும், உங்கள் ஊரில் செருப்புத் தைப்பவரிடம் எடுத்துச் சென்று காட்டுங்கள். அருகில் உட்காருங்கள். "ஐயா, இதில் என்ன குறை?" என்று கேளுங்கள். இந்தக் கட்டுரையில் இல்லாத பாடம் ஒன்றை அவர் நிச்சயம் சொல்வார்.

சிந்தியுங்கள்: 1 மி.மீ. கனத் தோலில் இதே பேனாவுக்கு உறை செய்ய எவ்வளவு அகலம் வேண்டும்?