புல்லணையில் மூன்று இரவுகள்

சேது யாத்திரைக்கு வரும் அன்பர்களுள் பலர் விடியற்காலையில் ராமேசுவரத்தில் 22 தீர்த்தங்களிலும் நீராடி, உடனே தனுஷ்கோடி முனைக்கு விரைந்து, பொழுது சாய்வதற்குள் திருப்புல்லாணியையும் ஸேவித்துவிட்டு இரவோடு இரவாக ஊர் திரும்பத் துடிக்கின்றனர். உச்சிப்பொழுதில் ஸந்நிதி நடை சாத்தியிருக்கக் கண்டால் முகம் சுளிக்கின்றனர். ஊரிலும் இதே நிலைதான். விடுமுறை நாளிலும் கைப்பேசி அலுவலகத்தை வீட்டுக்கே கொண்டுவருகிறது. சற்று ஓய்ந்து அமர்ந்தால், ஏதோ பிழை செய்துவிட்டாற்போல் நெஞ்சு உறுத்துகிறது. ஓய்வு கொள்வது குற்றமா? இவ்வினாவுக்கு விடை இக்கடற்கரையிலேயே உள்ளது.

ஸ்ரீராமபிரான் வானர சேனையுடன் கடற்கரையை அடைந்த வேளையை எண்ணிப் பார்க்க வேண்டும். இராவணன் பிராட்டிக்கு விதித்த கெடு இரண்டு திங்கள். ஒரு திங்களுக்குமேல் உயிர் தரியேன் என்று பிராட்டியே திருவடியிடம் சொல்லியனுப்பியிருந்தாள். விரைவதற்கு இதனினும் பெரிய காரணம் யாருக்கு உண்டு? ஆயினும் பெருமாள் விபீஷணாழ்வானின் யோசனையை ஏற்று, தர்ப்பைப் புல்லைப் பரப்பி, தம் திருக்கரத்தையே தலையணையாக்கி, மூன்று இரவுகள் கடலரசனை நோக்கிக் கிடந்தார். புல்லணை என்ற அத்திருப்படுக்கையே 108 திவ்யதேசங்களுள் ஒன்றான திருப்புல்லாணியின் பெயரில் நிற்கிறது. ஆதி ஜகந்நாதப் பெருமாள் எழுந்தருளியுள்ள அத்தலத்தில் தர்ப்பசயன ராமரை இன்றும் ஸேவிக்கலாம்.

“அது விரதமன்றோ? ஓய்வு என்று கூறலாமோ?” என்று சிலர் கேட்கலாம். விரதமே, ஐயமில்லை. ஆனால் அவ்விரதத்தின் வடிவம் என்ன? ஓடாமல், ஆணையிடாமல், அம்பு தொடாமல் படுத்திருத்தல். செய்ய வேண்டிய பணி மலைபோல் நிற்கும்போதும் கை ஓய்ந்திருப்பது அதர்மம் ஆகாது என்பதற்கு இதுவே ப்ரமாணம். மூன்று இரவுகள் கழிந்தும் கடலரசன் வராதபோது பெருமாள் எழுந்து வில்லை எடுத்தார் என்பதையும் மறக்கலாகாது. ஓய்வுக்கும் எல்லை உண்டு. எழ வேண்டிய வேளையில் எழாமல் இருப்பதே சோம்பல். எழுவதற்கு வலிமை தருவது ஓய்வு.

அதன்பின் நடந்தது என்ன? நளன் தலைமையில் முதல் நாள் 14, இரண்டாம் நாள் 20, மூன்றாம் நாள் 21, நான்காம் நாள் 22, ஐந்தாம் நாள் 23 என 100 யோஜனை நீளச் சேது ஐந்தே நாட்களில் முடிந்தது என்று யுத்த காண்டம் கணக்குச் சொல்கிறது. கரையில் கழிந்த மூன்று நாட்கள் வீணாயின என்று யார் சொல்வர்?

“இளையபெருமாள் உறங்காது கைங்கரியம் செய்தாரே” என்பர் வேறு சிலர். கங்கைக் கரையில் அவர் விழித்திருந்தது, உறக்கம் இழிவானது என்பதனாலன்று. பெருமாளும் பிராட்டியும் புல்தரையில் அச்சமின்றி உறங்க வேண்டும் என்பதனாலேயே. பிறருடைய ஓய்வைக் காப்பதும் கைங்கரியம் என்பதே இதன் பொருள். வீட்டில் அனைவரும் உண்டபின் உண்டு, அனைவரும் உறங்கியபின் உறங்கும் தாய்மார்களையும், விடுப்புக் கேட்க அஞ்சும் ஏவலாளரையும் நினைத்துப் பார்த்தால், இப்பாடம் யாருக்கு என்பது விளங்கும்.

சாஸ்திரமும் இவ்வழியே செல்கிறது. மிகுதியாக உறங்குபவனுக்கும் யோகமில்லை, உறங்காமலே விழித்திருப்பவனுக்கும் யோகமில்லை என்பது கீதையின் ஆறாம் அத்தியாயம் கூறும் கருத்து. வேதபாடசாலைகளில் அஷ்டமி, சதுர்த்தசி, அமாவாஸ்யை, பௌர்ணமி, பிரதமை ஆகிய நாட்கள் அனத்யயனம். அன்று புதிய பாடம் இல்லை. வேதத்துக்கே விடுமுறை வைத்த பெரியோர் மனிதனுக்கு மறுப்பரோ? எம்பெருமானுக்கும் நாள்தோறும் திருப்பள்ளியறை உண்டு. திருப்பள்ளி கொண்ட பின்னன்றோ திருப்பள்ளியெழுச்சி?

இக்கரையோரக் கடலுக்கும் ஓய்வு உண்டு. ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. மீன்கள் இனம் பெருக வேண்டும் என்பதற்காக விதிக்கப்பட்ட தடை இது. அந்நாட்களில் படகைப் பழுது பார்த்து, வலையைச் செப்பனிடுவர். வருவாய் குறைவதால் குடும்பங்களுக்கு அது எளிய காலமன்று. அரசு நிவாரணமும் வழங்குகிறது. எனினும் ஓயாத கடல் வறண்டுபோகும் என்பதை அவர்கள் அறிவர். உடலும் அத்தகையதே. வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைத்ததன் விளைவாக, 2016ஆம் ஆண்டில் மட்டும் பக்கவாதத்தாலும் இதய நோயாலும் உலகில் சுமார் 7,45,000 பேர் மாண்டனர் என்று உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் மதிப்பிட்டன.

உறுத்தலின் வேர் எது? “நான் ஓய்ந்தால் எல்லாம் நின்றுவிடும்” என்னும் எண்ணமே. தனுஷ்கோடி செல்லும் வழியிலுள்ள கோதண்டராமர் கோயில், விபீஷணாழ்வான் சரணம் புகுந்த இடம் என்று போற்றப்படுவது. 1964 டிசம்பர்ப் புயலிலும் நிலைத்து நின்றது. மனைவி மக்களையும் இலங்கையையும் விட்டு வந்தவன் தன் பாரத்தை இறக்கி வைத்த இடம் அது. பாரத்தை அவன் திருவடியில் வைத்தவன் மார்பில் கைவைத்து உறங்கலாம் என்பது பெரியோர் வழக்கு. கடமையைக் கைவிடச் சொன்னதன்று அது. கடமையைச் செய்தபின், உலகைத் தாங்குபவன் தானல்லன் என்று தெளிவதே அதன் கருத்து.

ஆகவே, திருவிழாவுக்கு எழுந்தருளியுள்ள அன்பர்கள் தர்ப்பசயன ராமரை ஸேவித்தபின் கோயில் திண்ணையில் ஒரு நாழிகையேனும் வாளா அமர்ந்திருப்பாராக. உடன் வந்த முதியோரையும் அமரச் செய்வாராக. புயலில் கடல் கொண்ட தனுஷ்கோடி மக்களை அம்முனையில் ஒரு கணம் நின்று நினைப்பாராக. அந்த நாழிகை கணக்கில் வீணாகாது. புல்லணையில் கண்வளர்ந்த பெருமான் அனைவருக்கும் நல்லுழைப்பையும் நல்லுறக்கத்தையும் அருள்வானாக.