வீட்டு ரௌட்டரில் ஒரு சுரங்கம்

அன்பு மகளுக்கு,

பெங்களூர் ஹாஸ்டல் வைஃபையை நம்ப மனம் வரவில்லை, பங்காருபேட்டை வீட்டு ரௌட்டர் வழியாகவே எல்லாம் போகும்படி விபிஎன் வைக்க முடியுமா பெரியப்பா என்று கேட்டிருந்தாய். முடியும். காசு கட்டி யாரோ நடத்தும் விபிஎன்னை வாங்குவதைவிட இதுவே மேல் என்பேன். அவர்கள் உன்னை ஹாஸ்டல்காரரிடமிருந்து மறைப்பார்கள்; ஆனால் நீ எங்கே போய் வருகிறாய் என்பது அவர்களுக்குத் தெரியும். வாடிக்கையாளர் விவரங்களை 5 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்று 2022 ஏப்ரலில் அரசின் செர்ட்-இன் அமைப்பு உத்தரவு போட்டதும், எக்ஸ்பிரஸ்விபிஎன் இந்தியாவில் இருந்த தன் சர்வர்களையே எடுத்துவிட்டது.

உன் தாத்தா சாம்பியன் ரீஃப் தங்கச் சுரங்கத்தில் இறங்கி வேலை செய்தவர். சுரங்கம் என்றால் என்ன என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. விபிஎன்னும் அதுதான். ஒரு வாய் உன் போனில், மறுவாய் நம் வீட்டில். நடுவில் போவதை எவராலும் படிக்க முடியாது. வீட்டு வாயைத் தாண்டி வெளியே வந்தபின் அது வழக்கமான பிராட்பேண்ட் போக்குவரத்துதான். அங்கே விபிஎன் காவல் இல்லை.

முதலில் பார்க்க வேண்டியது ஒன்று. ரௌட்டர் பக்கத்தைத் திறந்து 'வான் ஐபி' என்ற எண்ணைப் பார். அது 100.64 முதல் 100.127 வரைக்குள் தொடங்கினால், ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கு போட்டிருக்கிறார்கள். வெளியிலிருந்து நம் கதவைத் தட்ட வழியே கிடையாது. இது தெரியாமல் நான் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளை வீணாக்கினேன். போர்ட் திறந்துதான் இருந்தது, தட்டுகிற கை அதுவரை வந்து சேரவில்லை. அப்படியானால் மாதக் கட்டணம் கட்டி நிலையான ஐபி கேட்டு வாங்கு. இரு பக்கமும் ஐபிவி6 இருந்தால் அதிலும் போகலாம்.

விபிஎன்னுக்கு நான் சொல்வது வயர்கார்ட் என்ற மென்பொருள். 2020இல் லினக்ஸ் கெர்னலிலேயே சேர்ந்துவிட்டது. சரியான சாவி இல்லாமல் யார் தட்டினாலும் பதிலே சொல்லாது. அந்த அமைதிக்காகவே எனக்கு அது பிடிக்கும். பிராட்பேண்ட்காரர் கொடுத்த பெட்டியில் இந்த வசதி இல்லாவிட்டால், வயர்கார்ட் உள்ள இன்னொரு ரௌட்டரை அதன் பின்னால் மாட்டி, பழைய பெட்டியில் யுடிபி 51820 போர்ட்டைப் புதியதற்குத் திருப்பிவிடு. நிலையான ஐபி இல்லையென்றால் முகவரி அவ்வப்போது மாறும். மாறும் முகவரியை ஒரே பெயரில் கண்டுபிடிக்க ரௌட்டரில் டைனமிக் டிஎன்எஸ் போட்டு வை.

பலர் சறுக்கும் இடம் அடுத்தது. வீட்டிலும் 192.168.1, ஹாஸ்டலிலும் 192.168.1 என்றால், வீட்டுக் கம்ப்யூட்டரைத் தேடும் போன் ஹாஸ்டலுக்குள்ளேயே தேடிக்கொண்டிருக்கும். வயர்கார்ட் ஓடும் ரௌட்டரை 192.168.57.1 என்று மாற்றிவிடு. எல்லாம் வீட்டு வழியே போக, போனில் 'அலவ்ட் ஐபி' இடத்தில் 0.0.0.0/0, ::/0 இரண்டையும் போடு. இணைப்பு வந்தும் சில பக்கங்கள் பாதியில் நின்றால் வயர்கார்டில் எம்டியூவை, அதாவது ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவை, 1412 ஆக்கு. பிபிபிஓஇ வகை பிராட்பேண்ட் இணைப்பில் இடம் 1492 பைட்தான். வயர்கார்டின் உறைக்கு 80 வரை போய்விடும்.

வேகம் வீட்டு இணைப்பின் அப்லோடைப் பொறுத்தது. நீ அங்கே பார்க்கும் படம் முதலில் இங்கே இறங்கி, பிறகு இங்கிருந்து உன்னிடம் ஏற வேண்டும். கரண்ட் போனால் சுரங்கமும் அடைபடும். ஒரு சின்ன யுபிஎஸ் வாங்கித் தரும்படி அப்பாவிடம் கேள்.

ஊருக்கு வரும்போதே வேலையை முடித்துவிடு. போனில் வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில் சோதித்த பிறகுதான் ரயிலேறு. கடைசியாக, ரௌட்டர் காட்டும் க்யூஆர் படத்துக்குள் உன் ரகசியச் சாவியே இருக்கிறது. அதை வாட்ஸ்அப்பில் யாருக்கும் அனுப்பாதே, எனக்கும்கூட. போனில் ஏற்றியதும் அழித்துவிடு.

அன்புடன்,
பெரியப்பா