பூட்டிய பக்கமும் பொறுப்பும்

கணிப்பொறியினுள் நிகழும் பணிகளுள் நம் கண்ணுக்குப் புலப்படாதவையே மிகுதி. அவற்றுள் ஒன்றான, பயனர் நினைவகப் பக்கங்களைப் பூட்டிவைக்கும் முறையை இங்கு ஆராய்வோம்.

ஒரு நிரலுக்குத் தன் நினைவகம் தொடர்ச்சியானதாகவே தோன்றும். உண்மையிலோ அது பக்கங்களாகப் பகுக்கப்பட்டுப் பல இடங்களில் சிதறிக் கிடக்கிறது. பெரும்பாலான கணிப்பொறிகளில் ஒரு பக்கம் 4096 பைட்டுகள் கொண்டது. நிரல் அறிவது மெய்நிகர் முகவரியை மட்டுமே. அதனை மெய்யான இடத்தோடு இணைக்கும் அட்டவணை, இயங்குதளத்தின் கருவாகிய கெர்னலின் பொறுப்பில் உள்ளது. இடம் போதாதபோது கெர்னல் ஒரு பக்கத்தை வட்டுக்கு அனுப்பும். சில வேளை வேறிடத்திற்கு மாற்றும். உடனே அட்டவணையையும் திருத்திவிடுவதால் நிரல் இம்மாற்றத்தை உணர்வதில்லை.

சாதனங்களின் நிலை வேறு. வட்டுக் கட்டுப்படுத்தி, வலையமைப்பு அட்டை போன்றவை மையச் செயலகத்தின் துணையின்றி நினைவகத்தில் நேரே எழுத வல்லவை. எங்கு எழுதவேண்டும் என்பது அவற்றிடம் முன்னரே தெரிவிக்கப்படுகிறது. தரவு வந்து சேருமுன் அவ்விடம் வேறொரு நிரலுக்கு அளிக்கப்பட்டுவிட்டால் என்னாகும்? ஒருவருக்குரிய தரவு மற்றொருவரின் தரவை அழித்து அதன்மேல் அமர்ந்துவிடும். இப்பிழையைத் தடுப்பதற்கே, பணி முடியும்வரை பக்கத்தை அதே இடத்தில் நிறுத்திவைக்கிறார்கள்.

‘எம்லாக்’ என்னும் அழைப்பே இதற்குப் போதும் என மாணவர் பலர் எண்ணக்கூடும். லினக்ஸில் அது பக்கம் வட்டுக்குச் செல்வதை மட்டுமே தடுக்கும். நினைவகத்திற்குள்ளேயே இடம் மாறுவதைத் தடுப்பதில்லை. அதற்கெனக் கெர்னலில் ‘கெட் யூசர் பேஜஸ்’ என்னும் செயற்கூறு பயன்பட்டு வந்தது. அது பக்கத்தின் பயன்பாட்டு எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டும். ஆயினும் பக்கத்தைக் கையில் வைத்திருப்பவர் சற்றே பார்த்துச் செல்பவரா, சாதனத்தை எழுதவிட்டவரா என்பதை அவ்வெண்ணிக்கையால் அறிய இயலவில்லை. எனவே 2020ஆம் ஆண்டில் ‘பின் யூசர் பேஜஸ்’ என்னும் தனிச் செயற்கூறு சேர்க்கப்பட்டது. இது சாதாரணப் பக்கமொன்றின் எண்ணிக்கையில் 1024ஐக் கூட்டுவதால் வேறுபாடு புலனாகிறது. விண்டோஸிலும் சாதன இயக்கிகள் பக்கங்களைப் பூட்டவும் விடுவிக்கவும் தனித்தனிச் செயற்கூறுகள் உள்ளன.

பூட்டுவதோடு கடமை முடிவதில்லை. சாதனம் எழுதிய பக்கத்தை ‘மாற்றம் பெற்றது’ எனக் குறித்த பின்னரே விடுவித்தல் வேண்டும். இன்றேல் புதிய தரவு இழக்கப்படலாம். விடுவிக்க மறந்தாலோ அப்பக்கம் யாருக்கும் பயன்படாது முடங்கும். இத்தகைய பிழைகள் பெருகின் நினைவகம் முழுவதும் இடர்ப்படும். பயனர் ஒருவர் பூட்டத்தக்க நினைவகத்திற்கு வரம்பு விதிக்கப்பட்டிருப்பதும் இதனாலேயே.

அமானிதமாகப் பெற்ற பொருளை உரிய காலம்வரை காத்து, குறைவின்றித் திருப்பி அளித்தல் நம் கடமை என்பதை நாம் நன்கறிவோம். கெர்னல் நிரல் எழுத முனையும் மாணவர்க்கும் அதுவே முதற்பாடம்: பூட்டும் வரியை எழுதும்போதே விடுவிக்கும் வரியையும் எழுதிவிடுக. பணி இடையில் தோல்வியுற்று நிரல் திரும்பும் வழிகளிலும் அவ்வரி உண்டா எனச் சரிபார்த்தல் நன்று. மறதி பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும்.