வால்வு செட் பாடட்டும், வாயை மூடாமல்!

தாத்தாவின் வால்வு ஆம்ப்ளிஃபையர் சிறுசேரி ஃப்ளாட்டுக்கு வந்துவிட்டதா?

1. ஸ்பீக்கரை மாட்டாமல் பாட்டு போடாதீர்கள். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் கருகிவிடலாம். டிரான்சிஸ்டர் செட்டுக்கு இந்த வம்பில்லை; அதற்கு ஸ்பீக்கர் ஒயர்கள் இரண்டும் உரசுவதுதான் எமன்.

2. ஷோகேஸில் அடைக்காதீர்கள். தோசைக்கல்போலக் கொதிக்கும், மேலே இரண்டு சாண் விடுங்கள்.

3. ஆன் செய்ததும் வால்யூமைத் திருகாதீர்கள். இழை சூடாக அரை நிமிடமாவது பிடிக்கும். பிறகு திடீரென அலறும். பக்கத்து வீட்டுக் குழந்தை எழுந்தால் நான் பொறுப்பல்ல.

4. கரகரக்கிறதா? அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, நன்றாக ஆறியபின், வெளியே தெரியும் வால்வை நேராக உருவித் திரும்பச் செருகுங்கள். கோவளத்து உப்புக்காற்றில் கால்கள் கறுத்திருக்கும்.

5. அடிமூடியை மட்டும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டன்சரில் 300 வோல்ட் நிற்கலாம்.

6. நாள் முழுக்க ஓடும் டிவிக்கு டிரான்சிஸ்டர் செட்டே போதும். வால்வு தேயும், மாற்று வேண்டுமென்றால் அதன் நம்பரைக் குறித்துக்கொண்டு ரிச்சி தெருவரை அலையவேண்டும்.