அளவான ஒளி

திருச்சிராப்பள்ளிக்கு வடக்கே, கொள்ளிடத்திற்கு அப்பால் அமைந்த திருத்தலம் சமயபுரம். அங்குள்ள மாரியம்மன் திருக்கோயிலில் அன்பர்கள் மாவிளக்கு ஏற்றி வழிபடுவர். அரிசி மாவையும் வெல்லத்தையும் கலந்து பிசைந்து, நடுவே குழித்து, நெய் வார்த்துத் திரியிட்டு ஏற்றும் அச்சிறு சுடர், இருள் சூழ்ந்தபின் அருகில் நிற்போர் முகத்தைத் துலங்கச் செய்யும். நண்பகலில் திறந்த வெளியில் வைத்தாலோ, அஃது எரிவதே தெரியாது. சுடர் ஒன்றே, சூழல் வேறு. இல்லத்திற்கு விளக்குத் தேர்வோர் முதற்கண் அறிய வேண்டிய உண்மை இதுவே.

விளக்கு உமிழும் ஒளியின் அளவை 'லூமென்' என்பர். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு லூமென் ஒளி சீராகப் படியின், அஃது ஒரு 'லக்ஸ்' ஆகும். உச்சி வெயில் ஏறத்தாழ 1,00,000 லக்ஸ். முழுநிலவின் ஒளியோ ஒரு லக்ஸிலும் குறைவு. இவ்விரண்டிலும் காணும் ஆற்றலுடையது மனிதக் கண். அதனாலேயே, போதாத ஒளியையும் போதும் என்று எண்ணி ஏமாறுகின்றது.

'வாட்' என்பது விளக்குக் கொள்ளும் மின்திறனைக் குறிக்கும். அது தரும் ஒளியைக் குறிப்பதன்று. பழைய 60 வாட் இழைவிளக்குத் தந்த ஒளியை இன்றைய 9 வாட் எல்.இ.டி. விளக்குத் தந்துவிடுகின்றது. நாளொன்றுக்கு ஐந்து மணி நேரம் எரித்தால், முப்பது நாளில் முன்னதற்கு 9 யூனிட் மின்சாரம் செலவாகும், பின்னதற்கு 1.35 யூனிட்டே ஆகும். 2015ஆம் ஆண்டு இந்திய அரசு தொடங்கிய உஜாலா திட்டத்தின் வழி, இவ்விளக்குகள் எளியோர் இல்லங்களையும் எட்டின.

சமயபுரத்தில் பூத்தொடுத்து வாழும் குடும்பம் ஒன்று உண்டு எனக் கொள்க. அவர்தம் கூடம் 12 அடி நீளமும் 10 அடி அகலமும் உடையது. ஏறத்தாழ 11 சதுர மீட்டர். கூரையின் நடுவே 900 லூமென் விளக்கு ஒன்று எரிகின்றது. அவ்வொளி முழுவதும் தரையில் வீழ்ந்தாலும் 80 லக்ஸ் அளவே கிட்டும். சுவரும் கூரையும் ஒரு பகுதியை விழுங்குதலின் அதுவும் குறையும். பேசவும் உண்ணவும் இது போதும். ஆனால் ஒரு மூலையில் பேத்தி பாடம் படிக்கின்றாள். மறு மூலையில் பாட்டி பூத்தொடுக்கின்றாள். படிப்பதற்கு ஏறத்தாழ 300 லக்ஸ் வேண்டும். முதியோர் கண்ணுள் புகும் ஒளி இளையோர் கண்ணுள் புகுவதினும் மிகக் குறைவாதலின், பாட்டிக்கு அதனினும் மிகுதி வேண்டும். மங்கலில் படிப்பதால் கண் பாழாவதில்லை எனினும், விரைவில் சோரும், தலை நோகும், பாடத்தில் மனம் பதியாது.

இதற்குக் கூரையில் பெருவிளக்கு மாட்டுதல் தக்க வழியன்று. அது கண்ணைக் கூசச் செய்யும், செலவையும் பெருக்கும். சிறுவிளக்கை அணித்தே வைத்தல் நன்று. ஆறடித் தொலைவிலுள்ள விளக்கை மூன்றடிக்குக் கொணர்ந்தால், அதன் நேரொளி ஏறத்தாழ நான்கு மடங்காகும். விளக்கின் சுடர்முகம் கண்ணில் படாதவாறு மூடி அமைத்தல் வேண்டும். வலக்கையால் எழுதுவோர்க்கு ஒளி இடப்புறமிருந்து வருமாயின், கையின் நிழல் ஏட்டில் விழாது. சுவருக்கு வெள்ளையடித்தலும் விளக்கொளியை மிகுவிக்கும்.

அடுக்களையில் விளக்கு முதுகுப்புறம் இருப்பின், காய் அரிவோர் நிழல் அரிவாள்மணையின்மேலேயே விழும். விரலுக்கு ஊறு நேரும். ஆதலின் பணி நடக்கும் இடத்திற்கு மேலே விளக்கு வேண்டும். படுக்கையறைக்கு மங்கலான, மஞ்சள் சார்ந்த ஒளி ஏற்றது. நீலம் மிக்க வெண்ணொளி இரவில் உறக்கத்தைத் தடுக்கும். முற்றத்துப் படியில் இரவு முழுதும் ஒரு சிறுவிளக்கு எரிதல் நலம். நன்கு பழகிய படியிலும் முதியோர் தடுமாறி வீழ்வதுண்டு என்பதை மறத்தலாகாது.

எவ்விடத்திற்கு, எவர்க்கு, எப்பணிக்கு என்னும் மூன்று வினாக்களை எழுப்பிய பின்னரே விளக்கை வாங்குதல் வேண்டும். மிகுந்த ஒளி வீண். குறைந்த ஒளி துன்பம். பேத்தியின் ஏட்டிலும், பாட்டியின் விரலிலும், அவள் இறங்கும் படியிலும் ஒளி வேண்டுமளவு விழுமாயின், அவ்வீடே விளக்கமுற்ற வீடாகும்.